அக்டோபரில் வரும் குழந்தைக்கு ஒரு ஜப்பானியப் பெயர்

என் தம்பி ஜப்பானில் சைத்தாமாவில் இருக்கிறான். அவன் மனைவி அந்த ஊர்ப் பெண். அக்டோபரில் முதல் குழந்தை. அங்கே ஸ்கேன் எடுக்கும்போது கேட்டால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். நம் நாட்டைப் போலச் சட்டத் தடை கிடையாது. ஆனாலும் கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெயர் விஷயம் சிக்கலானது அதனால்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஐந்து பெயர்கள்: யுயிகோ, மரி, அவோய், ரென், ஹரு. போன வாரம் வீடியோ காலில் அந்தத் தாளைக் கேமரா பக்கத்தில் கொண்டுவந்து காட்டி, "அக்கா, நீயே பார்த்து ஒரு வழி சொல்லு" என்றான்.

நான் சென்னையில் இருக்கிறேன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு செய்வதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. ஒரு நாளைக்கு இருபது ஜப்பானியப் பெயராவது கண்ணில் படும். தம்பிக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அங்கே வாழும் நம் குடும்பங்களுக்கும், ஜப்பானியப் பெயர் அழகாக இருக்கிறதே என்று பிள்ளைக்கு வைக்க நினைக்கிறவர்களுக்கும் உதவட்டும்.

பெயர்களை எடை போடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியப் பெயரில் ஒலி ஒரு முடிவு, எழுத்து இன்னொரு முடிவு. தமிழில் மலர்விழி என்று கூப்பிட்டாலே பொருளும் கூடவே வந்துவிடுகிறது. அங்கே அப்படி வராது. 'யுகி' என்று ஒருவர் சொன்னால் அது பனியாக இருக்கலாம், மகிழ்ச்சியாக இருக்கலாம், நம்பிக்கை என்னும் எழுத்து சேர்ந்த கூட்டாகவும் இருக்கலாம். எந்தக் கான்ஜியில் எழுதுகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த, ஒவ்வொன்றும் தனிப் பொருள் தாங்கிய எழுத்து. ஓனோ யோகோ என்ற கலைஞரின் பெயரில் இருப்பது பெருங்கடலைக் குறிக்கும் எழுத்து. அதே ஒலியில் வேறு எத்தனையோ யோகோக்களுக்குச் சூரிய ஒளி. 'அகிரா என்றால் ஒளி' என்று ஒற்றை வரியில் பொருள் போடும் இணையப் பட்டியல்களை நம்பிப் பெயர் வைக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான். படிகம் என்னும் எழுத்திலும் அகிரா உண்டு.

ஆண், பெண் அடையாளமும் இப்படித்தான் பாதி ஒலியிலும் பாதி எழுத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. 'மகோதோ' என்ற ஒலி இருவருக்கும் பொது. நேர்மை என்று பொருள்படும் ஒற்றை எழுத்தில் எழுதினால் பெரும்பாலும் ஆண். உண்மை என்ற எழுத்தோடு கோதோ என்ற நரம்பிசைக் கருவியின் எழுத்தைச் சேர்த்தால் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காதால் மட்டும் கேட்டவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

எனக்கே இது ஒரு தடவை நன்றாக உறைத்தது. கஒரு என்ற பெயரில் ஒரு பொறியாளர் வருகிறார் என்று மின்னஞ்சல். பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது, கான்ஜி இல்லை. ஆண் என்றே எடுத்துக்கொண்டு, விமான நிலையத்துக்குப் போகும் ஓட்டுநரிடம் 'திரு' போட்ட பலகை கொடுத்தனுப்பினேன். வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பலகையைப் பார்த்தும் அது தனக்குத்தானா என்று தெரியாமல் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது, சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்று அமைதியாகச் சொன்னார். கஒரு என்றால் நறுமணம். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ஜப்பானிய வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது, பின்னால் ஒட்டும் 'சான்' என்ற மரியாதைச் சொல்லும் காட்டிக்கொடுக்காது. தமிழில் வந்தான், வந்தாள் என்று நாம் முடிவு செய்தே ஆக வேண்டும். 'வந்தார்' இருப்பதால் பல நாள் தப்பித்திருக்கிறேன்.

சரி, இனி அந்தத் தாள்.

யுயிகோ முதலில், ஏனென்றால் மாமியார் வீட்டுக்குப் பிடித்தது அதுதான். 'யுயி' என்பதற்குக் கட்டுதல், முடிச்சுப் போடுதல் என்னும் எழுத்து. மனிதரை மனிதரோடு இணைப்பது என்ற கருத்தில் வைப்பார்கள். 'கோ' என்பதற்குக் குழந்தை என்ற எழுத்து. இந்த 'கோ' ஈற்றைப் பற்றி நம்மவர்களுக்கு ஓரளவு தெரியும், பெண் பெயர் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் இதன் கதை நீளமானது. 607-ல் சீனாவின் சுயி அரசவைக்குத் தூது போன ஓனோ நோ இமோகோ ஓர் ஆண். சீனத்தில் இதே எழுத்து பெரியோரின் பெயருக்குப் பின்னால் வரும் மதிப்புச் சொல்; கன்பூசியஸின் சீனப் பெயரில் இரண்டாவதாக நிற்பது இதுதான். பிறகு ஜப்பானில் அது அரச குடும்பத்துப் பெண்களிடமும் பிரபுக் குலத்துப் பெண்களிடமும் தங்கிவிட்டது. மெய்ஜி பேரரசரின் காலத்துக்கு (1868-1912) அப்புறம்தான் சாதாரண வீடுகளுக்கு இறங்கி வந்தது. 1920களிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை பெண் குழந்தைகளின் முதல் பத்துப் பெயர்களும் 'கோ'வில் முடிந்தன. பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்காலமான ஷோவா சகாப்தம் 1926 டிசம்பரில் தொடங்கியதும் அதன் இரண்டாம் எழுத்தை எடுத்துக் கஸுகோ என்று நாடெங்கும் வைத்தார்கள். ஒரு பள்ளி வகுப்பில் நான்கைந்து கஸுகோக்கள் இருப்பார்களாம். 1980களின் பிற்பகுதிக்குள் முதல் பத்தில் ஒரு 'கோ' கூட இல்லாமல் போயிற்று. அப்புறம் ரிகோ போல ஒன்றிரண்டு மட்டும் திரும்ப எட்டிப் பார்த்தன.

அரச குடும்பம் மட்டும் விடவில்லை. மிச்சிகோ, மசாகோ, அயிகோ, எல்லாம் 'கோ'. ஆண்களுக்கு ஹிரோஹிதோ, அகிஹிதோ, நருஹிதோ என்று 'ஹிதோ'. அன்புடைமை என்னும் கன்பூசிய அறத்தின் எழுத்து அது. 2001-ல் பிறந்த இளவரசி அயிகோவின் பெயர் பழைய சீன அறிஞர் மென்சியஸின் வாக்கிலிருந்து வந்தது: பிறரை நேசிப்பவரைப் பிறரும் நேசிப்பர் என்ற கருத்து.

ஆக யுயிகோ என்று வைத்தால் கேட்டவுடன் பெண் என்று தெரியும், எழுத்தும் எளிது, ஆனால் அதே எழுத்துகளை யூகோ என்றும் படிப்பதுண்டு. கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், ஆனால் அது இப்போது பலருக்குக் கண்ணியமாகத் தோன்றுகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: 'கோ' கேட்டவுடன் பெண் என்று எல்லா இடத்திலும் நினைத்துவிட முடியாது. கஸுஹிகோ, ஹருஹிகோ எல்லாம் ஆண்கள். அங்கே ஈறு 'ஹிகோ'. வேறு எழுத்து, வேறு பொருள். கடைசி அசையை மட்டும் பார்க்காமல் கடைசி இரண்டு அசையைப் பார்க்கப் பழகினால் பாதித் தவறு குறையும். 'மி' பெண் என்பார்கள், தகுமி ஆண். 'கா' பெண் என்பார்கள், யுதகா ஆண். 'ஓ' ஆண் என்பார்கள், மாவோ, ஷிஹோ பெண்கள்.

தமிழ்க் காதுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானிய 'கொ' குறில். தமிழ்ச் சொல்லின் ஈற்றில் குறில் ஒகரம் நிற்பதில்லை என்பதால் நாம் தானாகவே கோ என்று நீட்டிவிடுகிறோம். நீட்டினால் நமக்கு அது அரசன். இளங்கோ என்ற பெயரைத் தாங்கிய மொழிக்காரர்களுக்கு யுயிகோ ஆண் பெயர் போலக் கேட்பதில் வியப்பில்லை. எங்கள் அம்மா முதல் தடவை கேட்டதும், "பையன் பேரா?" என்றுதான் கேட்டாள்.

ஆண் குழந்தைக்கு இதற்கு நிகரான பழைய வகை 'ரோ' ஈறு. இச்சிரோ முதல் மகன், ஜிரோ இரண்டாம் மகன், சபுரோ மூன்றாம் மகன். பேஸ்பால் வீரர் இச்சிரோ வீட்டில் இரண்டாம் பிள்ளை என்பதும், அவர் பெயரில் 'ரோ' வேறு எழுத்து, தெளிவு மகிழ்ச்சி என்ற பொருளில் வருவது என்பதும் சுவையான விதிவிலக்கு. எண்ணை வைத்தே பெயர் இட்டதற்கு இன்னொரு சான்று கடற்படைத் தளபதி யமமோதோ இசோரோகு. 1884-ல் அவர் பிறந்தபோது தந்தைக்கு வயது 56. இசோரோகு என்று எழுதப்படும் எழுத்துகள் ஐம்பத்தாறுதான். தம்பியின் தாளில் இந்த வகை எதுவும் இல்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

ரென் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாமரை. மெய்ஜி யசுதா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பெயர்ப் பட்டியலில் 2018, 2019 இரண்டு ஆண்டும் ஆண் குழந்தைகளின் முதலிடம் தாமரை எழுத்துக்குத்தான். சேற்றிலிருந்து மாசில்லாமல் எழுவது என்ற பௌத்த எண்ணம் பின்னால் இருக்கிறது. நமக்குத் தாமரைச்செல்வி, கமலா, பத்மா என்று தாமரை பெரும்பாலும் பெண் பக்கம். அரவிந்தன் போல ஆண் பக்கம் வருவது குறைவு. பூ என்றால் பெண் என்ற நம் கணக்கு அங்கே செல்லாது. பெண்ணுக்கும் ரென் வைக்கிறார்கள், ஆனால் கேட்கிறவர் முதலில் பையன் என்றே நினைப்பார். உறுதியான, சுருக்கமான பெயர். பிறப்பது மகனாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மரியில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். தம்பி மனைவி நினைத்திருக்கும் எழுத்துகள் இரண்டு, இரண்டின் தலையிலும் புல்லைக் குறிக்கும் சின்னக் கிரீடம் உண்டு. சேர்த்துப் பொருள் மல்லிகை. சமஸ்கிருத மல்லிகா என்ற சொல்லின் ஒலியைச் சீனர்கள் தங்கள் எழுத்தில் பிடித்ததிலிருந்து வந்தவை இவை. நம் மல்லிகையும் அதே குடும்பத்துச் சொல். மாலையில் மதுரைத் தெருவில் முழம் போட்டு விற்கும் பூவும் சைத்தாமாவில் ஒரு குழந்தையின் பிறப்புப் படிவமும் இப்படி ஒரு நூலில் கோக்கப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. தம்பி மனைவிக்கு இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்த எழுத்துகளை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி, "இதுவா? நிஜமாகவா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

பெயரில் பிடித்தம் இவ்வளவு இருந்தும் ஒரு முள் இருக்கிறது. ஜப்பானியத்தில் அந்த அகரம் குறில். குறிலாகச் சொன்னால் தமிழில் 'மரி' என்பது செத்துப்போ என்ற ஏவல். நீட்டி 'மாரி' என்று சொன்னால் மழை, அம்மன், எல்லாம் நல்ல பொருள். எங்கள் அம்மா மாரி என்றுதான் கூப்பிடுவாள், அது நிச்சயம். ஆனால் ஜப்பானியர் காதுக்கு நெடிலும் குறிலும் வேறு வேறு சொல். பிள்ளை ஒரு வீட்டில் ஒரு பெயரோடும் இன்னொரு வீட்டில் இன்னொரு பெயரோடும் வளரும். அது பெரிய குறையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் முத்திரை குத்திய தாளில் தமிழ் எழுத்தில் 'மரி' என்று எழுத எனக்குக் கை வராது.

நெடில் குறில் விஷயத்தில் நம் எழுத்துக்கு ஒரு பெருமை உண்டு. 'யுகி' பெரும்பாலும் பெண், 'யூகி' பெரும்பாலும் ஆண். ஆங்கில எழுத்தில் கடவுச்சீட்டில் இரண்டும் ஒரே மாதிரி வந்துவிடுகின்றன. தமிழில் எழுதினால் கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஜப்பானியப் பெயரைத் தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தைப் பார்த்து எழுதாமல், ஒலிப்பவரைக் கேட்டு எழுதுங்கள்.

தமிழில் வேறு அர்த்தம் தருகிற பெயர்கள் வேறு சிலவும் உண்டு, பெண்பால் ஆண்பால் மாறிப்போகிற அளவுக்கு. ஜப்பானில் 'அன்னா' பெண் பெயர், தமிழ்க் காதில் அண்ணன். 'மாமி' என்று நாம் நீட்டிவிடும் மமியும் பெண் பெயர். நடிகை ஹாஷிமோதோ கன்னாவின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணா என்று மகனைக் கொஞ்சும் குரல்தான் கேட்கும். இரு மொழியிலும் வாழப்போகும் குழந்தைக்கு இதைப் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது.

அவோய். தம்பிக்கு மிகவும் பிடித்தது இது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் என்பதுதான் அவன் காரணம், அதில் தவறில்லை. ஒரு பூச்செடியின் எழுத்தில் எழுதினால் பெண் பக்கம் சாயும். ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான தொகுகாவா ஷோகன்களின் குலச் சின்னத்தில் இருக்கும் மூன்று இலைகள் அந்தப் பெயருள்ள செடியுடையவைதான்; கியோதோவில் மே 15 அன்று நடக்கும் அவோய் திருவிழாவில் ஊர்வலத்தார் உடையிலும் மாட்டு வண்டியிலும் அந்த இலையைச் செருகிக்கொள்வார்கள். அதே ஒலியை ஆழ்ந்த நீலத்தின் எழுத்தில் எழுதினால் ஆண் பக்கம் சாயும். 2022-ல் ஆண் குழந்தைகளின் முதலிடம் நீலப் பச்சையைக் குறிக்கும் ஓர் எழுத்து, 2023-ல் பச்சை மணிக்கல்லின் நிறத்தைக் குறிக்கும் இன்னொன்று. இரண்டுக்கும் அஓ, அவோய் போன்ற ஒலிகள் உண்டு. ஒலி பொது, எழுத்து பிரிக்கும் என்று சொன்னேனே, அதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் உயிரெழுத்து மூன்று வரிசையாக நிற்கும் சொல் தமிழ் நாக்குக்கு ஆகாது. அ, ஒ, இ. நாம் நடுவில் ஒரு வகரத்தையோ யகரத்தையோ வைத்துவிடுவோம். அம்மாவை அழைத்து, அடுத்த அறையில் இருக்கும் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடச் சொன்னேன். முதல் தடவை "அவாய்", இரண்டாம் தடவை "அயோய்", மூன்றாம் தடவை கிட்டத்தட்ட "ஐயோ". ஒரு பெயரை நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். கத்திக் கூப்பிட்டுப் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள் என்பேன். தம்பிக்கு மனசில்லை, ஆனால் அதற்கு அப்புறம் அவனும் அவோயைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கடைசியாக ஹரு. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜப்பானிய ஊர்களில் பெண்களின் பெயர்கள் இப்படித்தான் இரண்டே அசையில் இருந்தன: ஹரு, ஹனா, உமே, த்சுரு, கமே. வசந்தம், பூ, ப்ளம், கொக்கு, ஆமை. கொக்கும் ஆமையும் நீண்ட ஆயுளுக்கு. கான்ஜி இல்லாமல் ஒலி எழுத்திலேயே எழுதிவிடுவார்கள். 1903-ல் பிறந்து 119 வயது வரை வாழ்ந்த ஃபுகுவோகாவின் தனகா கனே அந்தத் தலைமுறை. அவர் பெயரில் இரண்டாவதாக நிற்கும் எழுத்தைப் பார்த்தால் 'கோ'வுக்கான எழுத்து போலவே இருக்கும்; ஆனால் அது 'நே' என்ற ஒலிக்கான பழைய வடிவம். இன்றைய ஜப்பானியரே சட்டென்று படித்தால் தடுமாறுவார்கள். பழைய ஹருவும் ஹனாவும் இப்போது திரும்பி வந்திருக்கின்றன, இந்தத் தடவை ஹரு பையன்களுக்கும்.

எழுத்தில் ஹருவுக்கு நல்ல அகலம் இருக்கிறது. வசந்தம் ஒன்று. ஆனால் அக்டோபரில் பிறக்கும் பிள்ளைக்கு வசந்தம் வைத்தால் வாழ்நாள் முழுக்க "ஏப்ரலில் பிறந்தாயா?" என்று கேட்பார்கள், அதனால் அதை ஒதுக்கிவிட்டோம். சூரிய ஒளி இன்னொன்று. மூன்றாவது, வானம் தெளிவது. இலையுதிர் காலத்தில் புயலெல்லாம் ஓய்ந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நாளை ஜப்பானியர் 'அகிபரே' என்பார்கள். அந்தச் சொல்லின் இரண்டாம் பாதி இந்த எழுத்துதான். அக்டோபர் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தம் தேடினாலும் கிடைக்காது. எழுத 12 கோடுகள். இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நீலம். ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம், சற்றே ஆண் பக்கம்.

பெண்ணாகப் பிறந்து, கொஞ்சம் மென்மையாக வேண்டும் என்று தோன்றினால் வேறொரு வழி இருக்கிறது. சிறகு என்ற எழுத்துக்கு 'ஹா' ஒலி உண்டு. அதோடு 'ரு' ஒலி தரும் ஒரு மணிக்கல் எழுத்து. 'ருரி' என்ற நீலக் கல்லின் பெயரில் முதல் பாதி அது. அந்தச் சொல் பௌத்த நூல்கள் வழியாக சமஸ்கிருத வைடூரியத்திலிருந்து சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போனது. சிறகும் வைடூரியமும் சேர்ந்து ஹரு. மல்லிகை கைநழுவிப் போனாலும் நம் பக்கத்துத் துண்டு ஒன்று பெயரில் தங்கும். அம்மாவும் ஹரு என்று தடுமாறாமல் கூப்பிடுகிறாள்.

இந்த இடத்தில் அலுவலக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவுக்கு அது வேண்டும். பெயரில் எந்தக் கான்ஜியையும் போட்டுவிட முடியாது. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2,136 எழுத்துகள், பெயருக்கென்று தனியாக அனுமதித்த 863, அப்புறம் இரண்டு வகை ஒலி எழுத்துகள், இவ்வளவுதான். 1951-ல் அந்தத் தனிப் பட்டியல் தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் 92. பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1993-ல் தோக்கியோ பெருநகரின் மேற்குப் பகுதியில் உள்ள அகிஷிமாவில் நடந்ததைச் சொல்வார்கள். ஒரு பெற்றோர் பேய் என்று பொருள்படும் அகுமா என்ற பெயரைப் பதியப் போக, நகராட்சி மறுத்து, வழக்கு வரை போய், கடைசியில் பெற்றோர் வேறு பெயர் வைத்தார்கள்.

எழுத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததே ஒழிய, அதை எப்படி ஒலிப்பது என்பதற்குப் பல காலம் சட்டத்தில் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் 'கிராகிரா' பெயர்கள் என்று மினுமினுக்கும் வகை ஒன்று பெருகியது. எழுத்தைப் பார்த்து ஆசிரியரால் படிக்க முடியாது. 2025 மே 26 முதல் குடும்பப் பதிவேடான கோசெகியில் பெயரின் ஒலிப்பும் ஏறுகிறது, எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட ஒலிப்பாக அது இருக்க வேண்டும். உயரம் என்னும் எழுத்தை எழுதிவிட்டுத் தாழ்வு என்று படிக்கச் சொல்வது இனிச் செல்லாது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். தினமும் வருகைப் பதிவில் தன் பெயரைத் திருத்திச் சொல்ல வேண்டிய பிள்ளையின் களைப்பைப் பெற்றோர் யோசிப்பதில்லை. பிறகு மாற்ற வேண்டுமென்றால் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு குறிப்பு. தம்பி மனைவி தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. குழந்தை அவள் கோசெகியில் அவள் குடும்பப் பெயரோடுதான் ஏறும். நடுப்பெயருக்கென்று அங்கே தனி இடம் கிடையாது; தமிழ்ப் பெயரும் சேர வேண்டுமென்றால் இரண்டையும் ஒட்டி ஒரே பெயராக எழுத வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. நீண்ட பெயர் மருத்துவமனை அட்டையிலிருந்து வங்கிப் புத்தகம் வரை உடைந்து உடைந்து நிற்கும். தமிழ்ப் பெயரை வீட்டுப் பெயராக வைத்துக்கொள்ளலாம், நம் வீடுகளில் அது புதிதல்லவே.

இதையெல்லாம் வைத்துத்தான் தம்பியிடம் சொன்னேன்: இப்போது ஒலியை மட்டும் முடிவு செய், எழுத்தைக் குழந்தையைப் பார்த்த பிறகு முடிவு செய். பிறந்த நாளையும் சேர்த்து 14 நாட்களுக்குள் பதிந்தால் போதும். ஏழாம் நாள் இரவு 'ஓஷிச்சியா' என்று பெயரை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டும் வழக்கம் இருக்கிறது, மாமனார் வீட்டில் அது உண்டு. அவர் கோடுகளைக் கூட்டிப் பலன் பார்ப்பவர். நம் ஊரில் எண் கணிதம் பார்ப்பது போல. தெளிந்த வானத்துக்கு 12, சிறகும் வைடூரியமும் சேர்ந்தால் 20. இரண்டையும் முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்; குழந்தை பிறந்த வாரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம்.

ரென் இன்னும் தாளில் இருக்கிறது, பையன் பிறந்தால் பார்க்கலாம் என்று. யுயிகோவை மாமியார் மனம் நோகாமல் எப்படி எடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள். மரியின் மேல் தம்பி மனைவி பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மல்லிகைப் பூ வரைந்திருக்கிறாள். பிறப்புப் படிவத்தை இப்போதே வாங்கி வைத்துவிட்டார்கள். வலப்பக்கம் மருத்துவர் எழுத வேண்டியது, இடப்பக்கம் பெற்றோர். எழுத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. அதன் ஒலிப்புக்கான கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஹரு என்று எழுதியிருக்கிறது.